விவேகம் என்றால் நிதானமா, அறிவா, பயமா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

விவேகம் என்ற சொல்லை எல்லோரும் பயன்படுத்துகிறோம், ஆனால் அதற்கு என்ன பொருள் என்று கேட்டால் ஆளுக்கொரு பதில் வருகிறது. ஒருவர் பொறுமை என்பார், ஒருவர் புத்திசாலித்தனம் என்பார், இன்னொருவர் வம்புக்குப் போகாமல் ஒதுங்கிப்போவது என்பார். இந்தச் சொல்லைப் பற்றித் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளையும் அவற்றுக்கு எனக்குத் தெரிந்த பதில்களையும் கீழே தந்திருக்கிறேன். வரிசையாகப் படிக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

விவேகம் என்றால் என்ன? சுருக்கமாகச் சொல்லுங்கள்.

கலந்து கிடப்பதைப் பிரித்துப் பார்த்து, இதில் எது கொள்ளத்தக்கது, எது தள்ளத்தக்கது என்று முடிவு செய்யும் திறமை. இதில் "பிரித்துப் பார்த்து" என்ற பகுதிதான் உயிர். அதை விட்டுவிட்டு வெறும் "நல்ல புத்தி" என்று பொருள் கொள்வதால்தான் பாதிக் குழப்பம் வருகிறது.

வேகத்துக்கு எதிர்ச்சொல்தானே விவேகம்?

இல்லை. வேகம், விவேகம் இரண்டும் காதுக்கு ஒத்து ஒலிப்பதால் "வேகத்தைவிட விவேகம் முக்கியம்" என்று சாலையோரப் பலகை முதல் மேடைப் பேச்சு வரை சேர்த்துச் சேர்த்துச் சொல்லி, வேகம் இல்லாததுதான் விவேகம் என்ற எண்ணம் பலருக்குப் பதிந்துவிட்டது. சிலர் ஒரு படி மேலே போய் "வி" என்ற முன்னொட்டு எதிர்மறை, ஆகவே வி+வேகம் என்று பதம் பிரித்தே காட்டுவார்கள். கேட்க நன்றாக இருக்கும், ஆனால் தவறு.

இரண்டுமே வடமொழியிலிருந்து வந்தவைதான், வேர்கள் மட்டும் வேறு. வேகம் என்பது "விஜ்" என்ற வேரிலிருந்து வருவது, அதற்கு நடுங்குதல், துள்ளிப் பாய்தல் போன்ற பொருள்கள். விவேகம் "விச்" என்ற வேரிலிருந்து வருவது. அதற்குப் பிரித்தல், சலித்தல், குறிப்பாகத் தானியத்தைப் புடைத்துப் பதரை நீக்குதல் என்று பொருள். "வி" என்பது இங்கே எதிர்மறையும் இல்லை, தனித்தனியாக என்ற பொருளைத் தரும் முன்னொட்டு. ஆக, விவேகத்துக்கு எதிர்ச்சொல் அவிவேகம். வேகத்தோடு அதற்குச் சண்டையும் இல்லை, உறவும் இல்லை. ஒரு நொடியில் விவேகமான முடிவு எடுப்பவர்கள் இருக்கிறார்கள், ஆறு மாதம் யோசித்து அவிவேகமான முடிவு எடுப்பவர்களும் இருக்கிறார்கள்.

அப்படியானால் நிதானம்?

நிதானம் விவேகத்துக்கு உதவும். கோபத்திலோ பயத்திலோ இருக்கும்போது பிரித்துப் பார்க்க முடியாது, எல்லாம் ஒரே குழப்பமாகத்தான் தெரியும். "ஆத்திரக்காரனுக்குப் புத்தி மட்டு", "பதறாத காரியம் சிதறாது" என்பதெல்லாம் அதனால் வந்தவை. ஆனால் நிதானமே விவேகம் ஆகிவிடாது. எதையும் நிதானமாகச் செய்கிறேன் என்று தள்ளிப்போட்டுக்கொண்டே போகிறவரை நாம் விவேகி என்று சொல்வதில்லை, சோம்பேறி என்றுதான் சொல்கிறோம்.

இதைத் திருக்குறளைவிடக் கச்சிதமாக யாரும் சொன்னதாக எனக்குத் தெரியவில்லை:

"தூங்குக தூங்கிச் செயற்பால தூங்கற்க
தூங்காது செய்யும் வினை." (672)

இங்கே தூங்குதல் என்றால் உறங்குவது இல்லை, காலம் தாழ்த்துவது. தாமதித்துச் செய்ய வேண்டியதைத் தாமதித்துச் செய், தாமதிக்கக் கூடாததைத் தாமதிக்காதே. பொதுவாகப் பொறுமையாக இரு என்றோ பொதுவாகச் சுறுசுறுப்பாக இரு என்றோ அறிவுரை சொல்லவில்லை பாருங்கள். எது எந்த வகை என்று பிரிக்கும் வேலையை நம் தலையில் கட்டிவிட்டுப் போய்விடுகிறார். அந்த வேலைக்குப் பெயர்தான் விவேகம், குறளில் இந்தச் சொல் இல்லாவிட்டாலும்.

அறிவு, புத்தி, ஞானம், விவேகம் எல்லாம் ஒன்றுதானா?

பேச்சில் ஒன்றுக்கொன்று மாற்றிச் சொன்னால் யாரும் சண்டைக்கு வரப்போவதில்லை. எழுத்தில் கொஞ்சம் வித்தியாசம் பார்க்கலாம்.

அறிவு என்பது பரந்த சொல். தெரிந்துவைத்திருப்பதும் அறிவு, உணர்வதும் அறிவு, சிந்திப்பதும் அறிவு. தொல்காப்பியம் உயிர்களை ஓரறிவு முதல் ஆறறிவு வரை பிரிக்கும்போது, தொடு உணர்வையே ஓர் அறிவாகத்தான் கணக்கெடுக்கிறது. புத்தி என்பது அந்த அறிவை இயக்கும் கருவி, அதனால்தான் "புத்தி வேலை செய்யவில்லை", "புத்தி கெட்டுப்போச்சு" என்கிறோம், விவேகம் வேலை செய்யவில்லை என்று யாரும் சொல்வதில்லை. "புத்தி சொன்னார்" என்றால் அறிவுரை சொன்னார் என்று பொருள், இது விவேகத்துக்குக் கிடையாது. ஞானம் கொஞ்சம் உயரமான பீடத்தில் உட்கார்ந்திருக்கும் சொல், ஆன்மிக வாசனை அதிகம். ஆனால் "இசை ஞானம்", "கேள்வி ஞானம்" என்று வரும்போது சாதாரணமாகத் தேர்ச்சி என்ற பொருளுக்கு இறங்கி வந்துவிடும்.

விவேகம் இவற்றில் எப்போதுமே ஒரு முடிவையோ நடத்தையையோ ஒட்டி நிற்கும் சொல். ஒருவர் சும்மா உட்கார்ந்திருக்கும்போது அவருக்கு அறிவு இருக்கிறதா என்று பேசலாம். விவேகம் இருக்கிறதா என்பது அவர் ஏதாவது ஒன்றை எடுக்கும்போதோ விடும்போதோதான் தெரியும்.

பகுத்தறிவும் விவேகமும் ஒன்றா?

எனக்கு மிகவும் பிடித்த கேள்வி இது. சொல்லாகப் பார்த்தால் இரண்டும் அச்சு அசலாக ஒன்றே. பகுத்து அறிவது பகுத்தறிவு, பிரித்து அறிவது விவேகம். ஆனால் இன்றைய தமிழில் இவை இரண்டும் எதிரெதிர் முகாம்களில் போய் உட்கார்ந்துவிட்டன. பகுத்தறிவு என்றதும் பெரியாரும் சுயமரியாதை இயக்கமும் கடவுள் மறுப்பும் நினைவுக்கு வரும். விவேகம் என்றதும் காவி உடையும் தியானமும் நினைவுக்கு வரும். ஒரே பொருளுடைய இரண்டு சொற்களில் ஒன்று நாத்திகருக்கும் மற்றொன்று ஆத்திகருக்கும் போய்ச் சேர்ந்த வேடிக்கை வேறு எத்தனை மொழிகளில் நடந்திருக்கும் என்று யோசித்துப் பார்த்திருக்கிறேன்.

இந்தப் பாகப்பிரிவினை அவ்வளவு பழையதும் இல்லை. 1880களில் சென்னையில் கடவுள் மறுப்பாளர்களான லௌகிக சங்கத்தார் நடத்திய தமிழ் இதழின் பெயர் என்ன தெரியுமா? தத்துவவிவேசினி. விவேசினி என்பது விவேகத்தின் அதே வேர்தான். அதாவது அன்றைய நாத்திகர்களுக்கு இந்தச் சொல் அந்நியமாகப் படவில்லை, பிரித்து ஆராய்வது எங்கள் வேலை என்று பெயரிலேயே போட்டுக்கொண்டார்கள். அடுத்த பத்தாண்டில் 1892இல் விவேக சிந்தாமணி என்ற மாத இதழ் வருகிறது. பி. ஆர். ராஜமய்யரின் கமலாம்பாள் சரித்திரம் அதில்தான் தொடராக வந்தது. பாரதியின் பாடல் முதன்முதலில் அச்சேறியது 1904இல், விவேகபாநு என்ற இதழில். அந்தக் காலத்தில் பத்திரிகைப் பெயர்களில் விவேகம் இப்படி அடிபட்டதற்குக் காரணம், படித்து யோசித்துத் தெளிவடைதல் என்ற பொதுவான பொருளில் அது புழங்கியதுதான் என்று நினைக்கிறேன். பின்னால் பகுத்தறிவு என்ற சொல் ஓர் இயக்கத்தின் கொடியாக ஆனதும், விவேகம் மெல்ல மறுபக்கம் நகர்ந்துவிட்டது.

சரி, இன்று எழுதும்போது என்ன செய்வது? ஆதாரம் இல்லாத நம்பிக்கைகளை ஏற்க மறுப்பதைப் பற்றி எழுதினால் பகுத்தறிவு, அன்றாட வாழ்க்கையில் சரியான முடிவு எடுப்பதைப் பற்றி எழுதினால் விவேகம். படிப்பவர்கள் அப்படித்தான் புரிந்துகொள்வார்கள், அகராதி என்ன சொன்னாலும்.

அன்னப்பறவை கதைக்கும் விவேகத்துக்கும் என்ன தொடர்பு?

பாலில் நீரைக் கலந்து வைத்தால் அன்னம் பாலை மட்டும் குடித்துவிட்டு நீரை விட்டுவிடும் என்பது பழைய கவிமரபு. (நிஜத்தில் எந்தப் பறவையும் அப்படிச் செய்யாது, அதை வைத்துக் கவிஞர்களிடம் சண்டை போட வேண்டாம்.) வடமொழியில் இதற்கே "நீரக்ஷீர விவேகம்" என்று பெயர். தமிழில் நாலடியார், கல்விக்குக் கரை இல்லை, படிப்பவனுக்கோ நாள் குறைவு, போதாததற்கு நோய்கள் வேறு, ஆகவே நன்றாக ஆராய்ந்து படிக்க வேண்டியதை மட்டும் படி, "நீரொழியப் பாலுண் குருகின் தெரிந்து" என்கிறது. எல்லாவற்றையும் படி என்று சொல்லவில்லை. எதைப் படிப்பது என்று தேர்ந்தெடு என்கிறது. ஒரு நாளைக்கு எத்தனையோ செய்திகளும் வீடியோக்களும் கைபேசியில் வந்து விழும் நமக்கு இது கொஞ்சம் வலிக்கத்தான் செய்யும்.

அன்னத்தைவிட எனக்குப் பிடித்தது அதன் எதிர்க்கோடியில் இருக்கும் உவமை. பவணந்தி முனிவர் நன்னூலில் மாணவர்களை வகைப்படுத்தும்போது அன்னத்தையும் பசுவையும் முதல் மாணாக்கருக்கு உவமை சொல்கிறார், கடைசி மாணாக்கருக்குச் சொல்லும் உவமைகளில் ஒன்று நெய்யரி. நெய்யரி என்றால் நெய் வடிகட்டும் கருவி. அது என்ன செய்யும்? நல்ல நெய்யை எல்லாம் கீழே விட்டுவிட்டுக் கசடை மட்டும் தன்னிடம் பத்திரமாகப் பிடித்துவைத்துக்கொள்ளும். "பன்னாடை" என்று இன்றும் திட்டுகிறோமே, பனை தென்னை மட்டையடியில் வலைபோல் இருக்கும் அந்த நாரும் வடிகட்டப் பயன்பட்டதுதான்.

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நெய்யரிக்கும் பிரிக்கத் தெரியும்! அன்னம் அளவுக்கே கச்சிதமாகப் பிரிக்கும். என்ன, எதை வைத்துக்கொள்வது என்பதில்தான் கோளாறு. ஆகப் பிரிக்கத் தெரிந்தால் மட்டும் போதாது, பிரித்தபின் எந்தப் பக்கம் நிற்பது என்பதும் விவேகத்தில் சேர்த்தி. ஒரு நீண்ட பாராட்டில் வந்த ஒரே ஒரு குறையை மட்டும் பிடித்துக்கொண்டு மாதக்கணக்கில் புழுங்குகிறவர்கள் முட்டாள்கள் இல்லை, நன்றாகப் பிரிக்கத் தெரிந்தவர்கள்தான்.

வேதாந்தத்தில் வரும் விவேகம் வேறு பொருளா?

அங்கே அது ஒரு கலைச்சொல். அத்வைத மரபில் ஞானத்துக்குத் தகுதியாக நான்கு சாதனைகள் சொல்வார்கள், அதில் முதலாவது "நித்திய அநித்திய வஸ்து விவேகம்", அதாவது நிலையானது எது, நிலையில்லாதது எது என்று பிரித்தறிதல். அதற்குப் பிறகுதான் வைராக்கியம் (பற்றின்மை), சமம் தமம் (மன அடக்கம், புலனடக்கம்) முதலான ஆறு, முமுட்சுத்துவம் (விடுதலை வேட்கை) எல்லாம். பதஞ்சலியின் யோக சூத்திரத்திலும் "விவேகக்யாதி" என்று வருகிறது, காண்பவனையும் காணப்படுவதையும் வேறுபடுத்தி அறியும் தெளிவு என்று அதற்குப் பொருள் சொல்வார்கள். எந்த இரண்டைப் பிரிக்கிறோம் என்பதுதான் மாறுகிறது, பிரிக்கும் வேலை அதேதான். ஆகவே "ஆன்மிக விவேகம்", "உலக விவேகம்" என்று இரண்டு தனிச்சொற்கள் இருப்பதாக நினைத்துக் குழம்ப வேண்டாம்.

விவேகானந்தர் என்ற பெயருக்கு?

விவேகம் + ஆனந்தம். பிரித்தறியும் தெளிவில் மகிழ்பவர் என்று கொள்ளலாம். 1863இல் பிறந்த நரேந்திரநாத தத்தரின் துறவுப் பெயர், 1893 சிகாகோ உரைக்குப் பிறகு உலகம் அறிந்தது. விவேக் என்று பிள்ளைகளுக்கு வைக்கும் பெயரும் இதே சொல்தான்.

விவேகத்துக்குத் தூய தமிழ்ச் சொல் இருக்கிறதா?

ஒற்றைச் சொல்லாகக் கேட்டால் அறிவுடைமை, தெளிவு, மதிநுட்பம், பகுத்தறிவு என்று பட்டியல் தருவார்கள். எனக்கு அதில் முழுத் திருப்தி இல்லை. தமிழில் இந்தப் பொருள் பெயர்ச்சொற்களில் இருப்பதைவிட வினைச்சொற்களில்தான் அதிகம் குடியிருக்கிறது என்பது என் கட்சி.

தெரிதல் என்ற வினையை எடுத்துக்கொள்ளுங்கள். இன்று "எனக்குத் தெரியும்" என்று அறிதலுக்கு மட்டும் வைத்திருக்கிறோம். பழந்தமிழில் தெரிதல் என்றால் ஆராய்ந்து தேர்ந்தெடுத்தல். திருக்குறளில் தெரிந்துசெயல்வகை, தெரிந்துதெளிதல், தெரிந்துவினையாடல் என்று மூன்று அதிகாரங்களின் பெயரிலேயே இது நிற்கிறது. "தெரிந்தெடு" என்ற சொல்லில் அந்தப் பழைய பொருள் இன்னும் உயிரோடு இருக்கிறது. அதாவது தமிழில் அறிவதும் தேர்ந்தெடுப்பதும் ஒரே வினையாக இருந்திருக்கிறது. தேர்தல் என்பதும் அப்படியே. வாக்குச்சாவடிக்குப் போவதற்கு முன்னால் அது ஆராய்ந்து தெளிவதைக் குறித்த சொல், "தேரான்" என்றால் ஆராயாதவன். ஆய்தல் என்பதும் இதே குடும்பம்தான், கீரை ஆய்வதற்கும் பல்கலைக்கழகத்தில் ஆய்வு செய்வதற்கும் ஒரே வினைச்சொல். இரண்டு இடத்திலும் வேலை ஒன்று: வேண்டாததை ஒதுக்குவது.

சூழ்ச்சி கதை தனி. இன்று யாரையாவது சூழ்ச்சிக்காரன் என்றால் அடிக்க வருவார்கள். குறளில் "சூழ்ச்சி முடிவு துணிவெய்தல்" (671) என்று வரும்போது அதன் பொருள் ஆலோசனை, எல்லாப் பக்கமும் சூழ்ந்து யோசித்தல். நல்ல விவேகத்துக்கு இருந்த அழகான தமிழ்ச்சொல், போகப்போகக் கெட்ட சகவாசத்தில் விழுந்துவிட்டது.

கிறித்தவ வேதாகம மொழிபெயர்ப்புகளிலும் இந்தத் தேடலைப் பார்க்கலாம். பாம்பைப்போல இருங்கள், புறாவைப்போலவும் இருங்கள் என்று இயேசு சொல்லும் இடத்தில், பழைய மொழிபெயர்ப்பு "சர்ப்பங்களைப்போல வினாவுள்ளவர்களும்" என்கிறது. வினா என்றால் கேள்வி, வினாவுள்ளவன் என்றால் கேட்டு விசாரித்து நடப்பவன், எவ்வளவு நல்ல சொல்லாட்சி. பிற்காலப் பொது மொழிபெயர்ப்பு அதையே "முன்மதி உடையவர்களாகவும்" என்று மாற்றியது. நீதிமொழிகளின் பழைய மொழிபெயர்ப்பில் விவேகி என்ற சொல் அடிக்கடி வரும்: "பேதையானவன் எந்த வார்த்தையையும் நம்புவான்; விவேகியோ தன் நடையின்மேல் கவனமாயிருக்கிறான்."

ஆகத் தூய தமிழில்தான் எழுதுவேன் என்பவர்கள் இடத்தைப் பார்த்து "தெரிந்து செய்தான்", "ஆய்ந்து முடிவெடுத்தாள்", "முன்மதியோடு நடந்தார்" என்று எழுதலாம். மற்றவர்கள் விவேகம் என்றே எழுதலாம். பல நூற்றாண்டாக நம்மோடு இருக்கும் சொல், வெளியே போ என்று சொல்லத் தேவையில்லை.

காமன் சென்ஸ் என்பதை விவேகம் என்று மொழிபெயர்க்கலாமா?

பெரும்பாலும் பொருந்தாது. மழை வரும்போல இருந்தால் குடை எடுத்துக்கொண்டு போவது காமன் சென்ஸ், அதற்கு விவேகம் என்ற பெரிய சொல் வேண்டாம். "பொது அறிவு" என்று மொழிபெயர்ப்பது அதைவிட மோசம், பொது அறிவு என்றால் தமிழில் போட்டித் தேர்வுக்குப் படிப்பது: எந்த நாட்டுக்கு எது தலைநகரம் என்ற வகை. "பொதுப்புத்தி" என்றால் இன்றைய கட்டுரைகளில் யோசிக்காமல் எல்லோரும் நம்பும் கருத்து என்ற கிண்டலான பொருள் ஏறிவிட்டது. "இயல்பறிவு" சொல்லலாம், அல்லது "கொஞ்சமாவது யோசிக்க வேண்டாமா" என்று வாக்கியத்தையே மாற்றிவிடலாம். நான் இரண்டாவதைத்தான் செய்வேன்.

சமயோசித புத்தி, சாமர்த்தியம், தந்திரம், இவையெல்லாம்?

சமயோசிதம் என்பது அந்த நேரத்துக்குச் சட்டென்று தோன்றும் உபாயம். சாமர்த்தியம் நினைத்ததைச் சாதிக்கும் திறமை, அது நல்லதா கெட்டதா என்று சாமர்த்தியம் கவலைப்படாது. திருடனுக்கும் சாமர்த்தியம் உண்டு. தந்திரத்தில் எதிராளியை ஏமாற்றும் வாடை இருக்கும். விவேகத்துக்கு மட்டும் நோக்கம் நல்லதாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனை ஒட்டிக்கொண்டே வருகிறது. "விவேகமாகத் திருடினான்" என்று எழுதிப் பாருங்கள், கிண்டலாகத்தான் ஒலிக்கும். "சென்ற இடத்தால் செலவிடா தீதொரீஇ நன்றின்பால் உய்ப்ப தறிவு" (422) என்று அறிவுக்கு வள்ளுவர் போட்ட நிபந்தனையும் இதுதான்: மனம் போன இடத்துக்கெல்லாம் போகவிடாமல், தீயதிலிருந்து விலக்கி நல்லதன் பக்கம் செலுத்துவது.

சட்டத்திலும் அலுவலகக் கடிதங்களிலும் என்ன சொல் வருகிறது?

ஓர் அதிகாரி விதிக்குள் நின்று தன் யோசனைப்படி முடிவெடுக்கும் உரிமையைத் தமிழ்நாட்டில் "விருப்புரிமை" என்பார்கள், இலங்கைத் தமிழில் "தற்றுணிபு". எனக்கு இலங்கைச் சொல்தான் பிடித்திருக்கிறது, தானே துணிந்து முடிவெடுப்பது என்ற பொருள் அதில் இருக்கிறது. விருப்புரிமை என்றால் என்னவோ அதிகாரிக்குப் பிடித்ததைச் செய்துகொள்ளலாம் என்பதுபோல் ஒலிக்கிறது. இந்த இடங்களில் விவேகம் என்று எழுதக் கூடாது. அதிகாரம் என்பது கொடுக்கப்படுவது, விவேகம் அதைப் பயன்படுத்தும் விதம். "தங்கள் உசிதம்போல் செய்யவும்" என்ற பழைய கடித வழக்கும் இதே வேலையைச் செய்தது, இப்போது அருகிவிட்டது.

"விவேகமா நடந்துக்கோ" என்றால் "வாயை மூடிக்கொண்டு இரு" என்றுதானே பொருள்?

பல நேரம் அப்படித்தான் சொல்லப்படுகிறது, உண்மை. மேலதிகாரி தவறு செய்கிறார், கேட்கப் போனால் "விவேகமா இரு" என்கிறார்கள். உறவில் ஒருவர் மட்டும் விட்டுக்கொடுத்துக்கொண்டே இருக்கிறார், அவரிடமும் இதையே சொல்கிறார்கள். எப்போதும் பலம் குறைந்தவரைப் பார்த்துத்தான் இந்த அறிவுரை வரும் என்பதையும் கவனித்திருப்பீர்கள். பயத்துக்கு மரியாதையான ஒரு பெயர் தேவைப்படும்போது இந்தச் சொல்லை இரவல் வாங்கிக்கொள்கிறார்கள்.

அதற்காக அஞ்சுவதெல்லாம் கோழைத்தனம் என்றும் சொல்ல முடியாது. "அஞ்சுவ தஞ்சாமை பேதைமை அஞ்சுவது அஞ்சல் அறிவார் தொழில்" (428) என்று வள்ளுவரே அஞ்ச வேண்டியதற்கு அஞ்சச் சொல்கிறார். அஞ்ச வேண்டியதற்கு மட்டும் என்பதுதான் விஷயம். வேலை போய்விடும் என்று கணக்குப் போட்டு, வேறு வேலை கிடைக்கும்வரை ஆறு மாதம் பொறுத்து, அதுவரை ஆவணங்களைச் சேர்த்துவைத்து, அப்புறம் புகார் கொடுப்பவர் விவேகி. எதற்கு வம்பு என்று கடைசிவரை பேசாமலே இருந்துவிடுபவருக்குக் காரணங்கள் இருக்கலாம், அவற்றை நாம் மதிக்கலாம், ஆனால் அதற்கு வேறு பெயர். ஆறு மாதத்துக்குப் பிறகுதான் இருவருக்கும் வித்தியாசம் தெரியும் என்பதால், வெளியில் இருந்து பார்த்து யாரையும் அவசரப்பட்டுக் கோழை என்று சொல்லவும் வேண்டாம்.

அவிவேகம் என்று எழுதலாமா, விவேகமின்மை என்று எழுத வேண்டுமா?

இரண்டும் சரி. அவிவேகி என்பது வழக்கில் உள்ள பழைய சொல்தான். வீரமாமுனிவர் எழுதிய பரமார்த்த குருவின் கதைக்கு அவிவேக பூரண குரு கதை என்றே ஒரு பெயர் உண்டு. குருவும் மட்டி, மடையன், பேதை, மிலேச்சன், மூடன் என்ற ஐந்து சீடர்களும் ஆற்றைக் கடக்கும் முன் ஆறு தூங்குகிறதா என்று கொள்ளிக்கட்டையால் தண்ணீரைத் தொட்டுப் பார்ப்பார்கள், கடந்தபின் ஆளை எண்ணும்போது எண்ணுகிறவன் தன்னை விட்டுவிட்டு எண்ணி ஒருவனைக் காணோம் என்று அழுவார்கள். இவர்கள் சோதித்துப் பார்க்காதவர்கள் இல்லை என்பதைக் கவனியுங்கள். சோதிக்கிறார்கள், எண்ணுகிறார்கள், கூடி ஆலோசிக்கிறார்கள். எதைச் சோதிப்பது என்பதில் கோட்டைவிடுகிறார்கள், அவ்வளவுதான். கூட்டம் கூட்டமாக நடக்கும் அலுவலக ஆலோசனைகளில் உட்காரும்போது எனக்கு இந்தச் சீடர்கள் நினைவுக்கு வருவதுண்டு.

நிறையப் படித்தால் விவேகம் வருமா? வயதானால் வருமா?

"மதிநுட்பம் நூலோடு உடையார்க்கு" (636) என்று குறள் இரண்டையும் சேர்த்துத்தான் சொல்கிறது, இயல்பான கூர்மையும் வேண்டும், நூலறிவும் வேண்டும். வயதைப் பற்றி அரிஸ்டாட்டில் சொன்னது பொருத்தம்: இளைஞர்கள் கணிதத்திலும் வடிவியலிலும் வல்லவர்கள் ஆகலாம், ஆனால் நடைமுறை விவேகம் அவர்களிடம் அரிது, காரணம் அது தனித்தனிச் சூழல்களைப் பற்றிய அறிவு, அதற்கு அனுபவம் தேவை, அனுபவத்துக்குக் காலம் தேவை. காலம் தேவை என்றார், காலம் போதும் என்று சொல்லவில்லை. ஒரே வருடத்தின் அனுபவத்தை முப்பது முறை திரும்ப வாழ்ந்தவர்களும் இருக்கிறார்கள்.

எடுத்த முடிவு தோற்றுவிட்டால் விவேகம் இல்லை என்று அர்த்தமா?

இல்லை, ஆனால் உலகம் அப்படித்தான் பேசும். குடித்துவிட்டு வண்டி ஓட்டியவன் பத்திரமாக வீடு வந்துசேர்ந்தான் என்பதால் அது விவேகமான முடிவு ஆகிவிடாது. எல்லாம் விசாரித்து, மருத்துவர் இருவரிடம் கேட்டு, சம்மதித்த அறுவைச் சிகிச்சை பலிக்காமல் போனால் அது அவிவேகமும் ஆகாது. முடிவெடுத்த நேரத்தில் கையில் என்ன தகவல் இருந்தது, அதை எப்படிப் பிரித்து எடைபோட்டார் என்பதை வைத்துத்தான் பார்க்க வேண்டும். எடைபோடும் முறைக்கும் குறளில் வழி இருக்கிறது:

"குணம்நாடிக் குற்றமும் நாடி அவற்றுள்
மிகைநாடி மிக்க கொளல்." (504)

ஆளைத் தேர்ந்தெடுப்பதற்காகச் சொன்னது இது. நல்லதைப் பட்டியலிடு, குறையையும் பட்டியலிடு, எது மிகுதி என்று பார், அதை வைத்து முடிவுசெய். குற்றமே இல்லாத ஆள் கிடைப்பார் என்று அவர் எதிர்பார்க்கவில்லை. வேலைக்கு ஆள் எடுப்பதிலிருந்து வீடு வாங்குவது வரை, குறையே இல்லாத ஒன்றுக்காகக் காத்திருந்து எதையும் எடுக்காமல் போகிறவர்களுக்கு இந்தக் குறளை எழுதிக் கொடுக்கலாம்.

யாரிடம் கேட்டாலும் ஒவ்வொன்று சொல்கிறார்கள், எதை நம்புவது?

"எப்பொருள் யார்யார்வாய்க் கேட்பினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு" (423) எல்லோருக்கும் தெரிந்த குறள். இதன் இரட்டைப் பிறவி ஒன்று இருப்பது அவ்வளவாகத் தெரியாது: "எப்பொருள் எத்தன்மைத் தாயினும் அப்பொருள் மெய்ப்பொருள் காண்ப தறிவு" (355). இரண்டாம் பாதி அப்படியே ஒன்று. முதலாவது, சொல்பவர் யார் என்பதில் மயங்காதே என்கிறது. இரண்டாவது, பொருளின் தோற்றத்தில் மயங்காதே என்கிறது. வாட்ஸப்பில் வரும் ஒரு செய்தியை எடுத்துக்கொண்டால் இந்த இரண்டு மயக்கமும் சேர்ந்தே வேலை செய்யும்: அனுப்பியவர் நம் மாமா, பார்க்க அசல் அரசு அறிவிப்பு மாதிரியே முத்திரையோடு இருக்கும். மாமா நல்லவர் என்பது வேறு, செய்தி உண்மை என்பது வேறு. இந்த இரண்டையும் பிரிக்கத் தெரிந்தால் போதும், மாமாவோடு சண்டை போட வேண்டிய அவசியமும் இல்லை.

விவேகமாக, விவேகத்துடன், விவேகபூர்வமாக: எது சரி?

மூன்றும் இலக்கணப்படி சரி. பேச்சுக்கு நெருக்கமாக எழுதினால் "விவேகமாக". "விவேகத்துடன்", "விவேகத்தோடு" எல்லா இடத்துக்கும் பொருந்தும். "விவேகபூர்வமாக" கொஞ்சம் கனம், அறிக்கைகளுக்கு விட்டுவிடலாம். ஆளைக் குறிக்க விவேகி, இது ஆண் பெண் இருவருக்கும் பொது. பன்மையில் விவேகிகள். "விவேகமுள்ளவர்" என்றும் எழுதலாம், "விவேகசாலி" என்பதும் வழக்கில் உண்டு. "விவேகமான மனிதர்" என்பதைவிட "விவேகமான முடிவு", "விவேகமான செயல்" என்று எழுதுவது எனக்கு இயல்பாகப் படுகிறது, அது என் காதுப் பழக்கமாகவும் இருக்கலாம்.